விலை போகாத ஆட்டங்கள்

ஜனவரி 14, புதன்

என் கணவர் காலமான பிறகும், ஐஸ் ஹாக்கி அரங்கில் எங்கள் இரண்டு இருக்கைகளுக்கும், அந்த வருடத்து எல்லா ஆட்டங்களுக்குமான சீசன் டிக்கெட் பணத்தை நான்தான் கட்டுகிறேன். ஆனால் பெரிய அணிகள் வரும் நாட்களில் மகன் ரவி என்னை அழைத்துப் போவதில்லை. "அங்க ரொம்பக் குளிரும்மா" என்பான்.

இன்று மருமகள் யாரிடமோ ஃபோனில் சொன்னது காதில் விழுந்தது: "நல்ல டீம் வந்தா அத்தை சீட்டை ஆன்லைன்ல விக்கப் போட்டுடுவோம். மூணு மடங்கு கிடைக்கும்."

சாப்பிடும்போது ரவி, "நாளைக்கு கேம் இருக்கும்மா, ரெடியா இருங்க" என்றான்.

எந்த அணி என்று கேட்டேன். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் அணி.

"யாரும் வாங்கலையாப்பா?"

அவன் தட்டைப் பார்த்தான்.

"அங்க ரொம்பக் குளிரும், நான் வரலை" என்று எழுந்துவிட்டேன். இதை எழுதும்போது அவருடைய ஹாக்கி ஜெர்சியைத்தான் போட்டிருக்கிறேன்.