மாமா வாங்கி வைத்த மேசை

அண்ணா,

மகளின் உடுப்புகளை அடுக்குவதற்கு அலுமாரியைத் திறந்தபோது ஒரு நீலத் துணிப்பை காலடியில் விழுந்தது. போன வருஷம் மெல்பேர்ணில், பல்கலைக்கழகத்தைச் சேர வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுகிற ஓப்பன் டேயில் இலவசமாகக் கொடுத்த பை. அதைக் குனிந்து எடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கொலர்ஷிப் வேண்டுமென்றால் மார்க்ஸ் மட்டும் போதாது, அங்கே படிக்க உண்மையாகவே விருப்பம் என்று காட்டவும் வேண்டுமென அவளுடைய பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சிட்னியிலிருந்து விமானம் ஏறி வந்து, ஒரு கூடாரம் விடாமல் பெயர் பதிந்தோம். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்து, விமான நிலையத்தில் இருந்தபடியே மகளைக்கொண்டு நன்றி மின்னஞ்சல் அனுப்பினேன்.

நீங்கள் இருந்த நோபல் பார்க்குக்கு அங்கிருந்து ரயில் இருந்தது. நீங்கள் டயாலிசிஸ் செய்து களைத்துக் கிடந்த காலம். மாமாவைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று மகள் கேட்டாள். வந்தால் சாப்பிடாமல் விடமாட்டீர்கள், பின்னேரம் ஸ்கொலர்ஷிப் பற்றி வைத்த கூட்டம் தவறிவிடும் என்று கணக்குப் போட்டேன். அடுத்த முறை ஆறுதலாக வரலாம் என்று அவள் வாயை அடைத்தேன். மெல்பேர்ண் வந்ததையே உங்களுக்குச் சொல்லவில்லை.

புத்தி கெட்டவள், இருவரும் அந்தப் பையோடு நிற்கிற படத்தை முகநூலில் போட்டேன். பல்கலைக்கழகத்தின் கண்ணில் படட்டும் என்றுதான். பட்டது உங்கள் கண்ணில். உங்கள் அழைப்பு வந்ததும், ஏசப்போகிறீர்கள் என்று பயந்துகொண்டே ஃபோனை எடுத்தேன்.

"படம் வடிவா இருக்கு தங்கச்சி. பிள்ளைக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்றீர்கள். ஏன் வரவில்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை. நீங்கள் நன்றாக ஏசியிருக்கலாம், அண்ணா. அதற்குப் பிறகு நான் மெல்பேர்ண் வந்தது உங்கள் செத்தவீட்டுக்கு.

ஸ்கொலர்ஷிப் கிடைத்துவிட்டது. படிப்புச் செலவுக்கு மட்டுந்தான், தங்குவதற்கு இல்லை. பிள்ளைக்கு எங்கேயாவது அறை தேட வேண்டும் என்று போன கிழமை அண்ணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"ஏன் தேடுறாய்? முன்னறையை உன்ர அண்ணா பிள்ளைக்கெண்டு எப்பவோ ஒதுக்கிப்போட்டார். நீ போட்ட அந்தப் படத்தைப் பாத்த கிழமையே மேசையும் வாங்கிக்கொண்டு வந்தவர்."



அந்த நீலப் பையை மகளின் சாமான்களோடு வைக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும். நாளைக்கு விமானத்தால் இறங்கி நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறோம். சாப்பிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. சாப்பிடச் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

உங்கள் தங்கச்சி