பிங்கோ மைக்கில் நான் சொன்னது

அன்புள்ள ஹெதருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிரிஸ்டலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் வாதாடத் தொடங்கிவிடுவேன், சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் காகிதம். உன் அம்மா என்னிடம் டீ வேண்டுமா என்பதற்கு மேல் பேசுவதில்லை. பூனையிடம் நிறையப் பேசுகிறாள், எல்லாம் என் காதில் விழும்படி.

கிளப்பின் லீக் வெங்காயத்தண்டுப் போட்டியில் நான் வைத்த ஜோடித் தண்டுகளைத் தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். வெள்ளைப் பகுதி ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, அதைத் தாண்டிவிட்டதாம். தாண்டவில்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் விளக்குப் போட்டு வளர்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? செயலாளர் கோர்டன் டாட்ஸ் அளவுகோலைச் சாய்த்துப் பிடித்தான். நான் வெறும் பஸ் டிரைவர்தான், ஆனால் கிளப்பின் விதிகளை அவனைவிட ஒழுங்காகப் படித்தவன், நூலகத்தில் உட்கார்ந்து ஒப்பந்தச் சட்டமே படித்தவன், அதற்கெல்லாம் யாரும் பட்டம் தருவதில்லை. ஆட்சேபணையை எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அடியில், என் மகள் ஹெதர் ஹெஸ்லப், சொலிசிட்டர், இந்த விவகாரத்தை எடுத்து நடத்துவார் என்று பெரிய எழுத்தில் சேர்த்தேன்.

நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், அப்பா, பரீட்சை ரெண்டும் பாஸாயிட்டேன், வேலை அனுபவமும் முடிஞ்சிடுச்சு, ஆனா வக்கீல் பட்டியல்ல பேர் ஏறுற வரைக்கும் சொலிசிட்டர்ங்கிற அந்த வார்த்தைய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்று. நான் அதை உன் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸை எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் டிரைவர் வில்லை கைக்கு வராமல் நான் பயணிகளை ஏற்றியிருந்தால் அன்றைக்கே டிப்போவிலிருந்து துரத்தியிருப்பார்கள். இது ஏன் பலகை முன் நின்றபோது எனக்குத் தோன்றவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.

கோர்டனின் மருமகள் டெனிஸ் பாரில் நின்றபடியே போனில் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டாள். டெரிக், உங்க பொண்ணு பேரு இதுல இல்லவே இல்லையே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கோர்டன் விடுவானா? சட்டம் கரைச்சுக் குடிச்ச ஆளாச்சே நீ, சொலிசிட்டர் ஆகாத ஆளு அந்தப் பேரைப் போட்டுக்கிறது குத்தம்னு உன் புஸ்தகத்துல எழுதலையா என்றான். மூலையிலிருந்து ஒருவன், பாவம்யா மனுசன், லீக்குல நீளம் ஜாஸ்தி, சொலிசிட்டர்ல நீளம் கம்மி என்றான். கிளப்பே சிரித்தது. அது கூடப் பரவாயில்லை. கோர்டன் என் காகிதத்தைப் படம் எடுத்துவைத்திருப்பதாகவும், பட்டியலைப் பராமரிக்கிற அலுவலகத்துக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னான். உன் விண்ணப்பம் அவர்கள் மேசையில் கிடக்கும் நேரத்தில். வீட்டுக்கு வந்து சொன்னேன், நான் ஷூவைக் கழற்றுவதற்குள் அம்மா உன்னைக் கூப்பிட்டுவிட்டாள். நீ என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் அந்த ஆபீஸுக்கு இத எழுதணுமா வேண்டாமான்னு தெரியலம்மா என்று மட்டும் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து நான் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

மறுநாள் கோர்டன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிடவில்லை. காகிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். எல்லாரும் படிச்சாச்சு டெரிக், இப்ப கிழிச்சு என்ன, ஞாயித்துக்கிழமை பிங்கோவுக்கு முன்னாடி மைக்ல சொல்லு, அப்புறம் பாக்கலாம் என்றான். போனேன். எண்களைக் கூவுகிற அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் மகள் சொலிசிட்டர் இல்லை என்றேன். உன் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன், ஃபெயிலாயிட்டாளா என்று பின்னாலிருந்து ஒரு குரல். உன் பெயரைக் காப்பாற்ற வந்தவன் அதை இன்னும் கீழே இழுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நீ பகலில் சட்ட அலுவலகத்தில் உதவியாளராக இருந்துகொண்டு பஸ்ஸிலும் சாப்பாட்டு வேளையிலும் படித்தது, முதல் பரீட்சையில் ஒருமுறை தவறி மறுபடி எழுதியது, இரண்டாவதைத் தாண்டியது, இப்போது நடத்தை சரியா என்று பார்க்கும் கட்டம் மட்டும் பாக்கி என்பது. அவள் நடத்தையில் குறையில்லை, குறை என்னுடையது என்று முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. யோவ், நம்பர் கூப்பிடப் போறியா இல்லையா என்று ஒரு கிழவி கத்தினாள். வெளியே வரும்போது கோர்டன் போனை நீட்டி, படத்தை அழிச்சுட்டேன் பாத்துக்கோ என்றான்.

ஆகையால் இனி யாரும் பட்டியல் அலுவலகத்துக்கு எழுதப் போவதில்லை. விட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றும். விடாதே, நீயாகவே எழுது. அவர்களுடைய விதிகளை நூலகத்தில் உட்கார்ந்து கடைசி வரை படித்தேன், இந்த முறை நிதானமாக. தவறைப் பொறுத்துக்கொள்வார்கள், மறைப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். என்னைக் காப்பாற்ற நினைத்து, அப்பா வயதானவர், குழம்பிவிட்டார் என்று மழுப்பி வைக்காதே. நான் குழம்பவில்லை. நீ சொன்னது நினைவிருந்தும், ஊர் முன்னால் பெரிய ஆளாகத் தெரிவதற்காக, உனக்குத் தெரியாமல் எழுதினேன். அந்த வாக்கியத்தை அப்படியே போடு. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

எதற்கும் தலை குனியாத இடத்தில் நீ உட்கார வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குளிர் தொடங்கிவிட்டது, அந்த மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு அலையாதே. ஒன்று நினைவில் வை. உன் பெயர் பட்டியலில் ஏறும் நாளில் எனக்குப் போன் செய்யாதே, அம்மாவுக்குச் செய். அந்த வார்த்தையைக் கிளப்பில் முதலில் அவள் சொல்லட்டும். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

உன் அப்பா,
டெரிக் ஹெஸ்லப்

பி.கு. தண்டை அம்மாவின் தையல் டேப்பால் மறுபடி அளந்தேன். ஆறு அங்குலத்துக்கு மேல் இல்லை. அம்மா அதை நறுக்கி சூப்பில் போட்டுவிட்டாள். இதை அவர்களுக்கு எழுத வேண்டாம்.