அத்தை மணிமலை ஏறியது

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து நசநசவென்று மழை. கரண்ட் வருவதும் போவதுமாக. ஆறாம் மாதம். டாக்டரம்மா சொன்னபடி இடது பக்கமாகவே படுக்கை. பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். ஃபேனைப் பார்த்துப் பார்த்து ஃபேனுக்கே என்னைப் பிடிக்காமல் போயிருக்கும்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து இவர் வந்தார். வந்தார் என்றால் போனுக்குள். அவர் இருக்கிற நாட்டில் வாட்ஸ்அப் கால் எடுப்பதில்லை. ரூமில் யாரோ இந்த விளையாட்டு உலகத்தைச் சொல்லிக்கொடுத்தார்களாம். அவருக்கு ஒரு பொம்மை, எனக்கு ஒரு பொம்மை. சேர்ந்து நடக்கலாம், பேசலாம். கல்யாணமான புதிதில் திருப்புலிவனம் கோயிலைத் தாண்டி எங்கும் கூட்டிப்போகாத மனுஷன், இப்போது தினம் ஒரு ஊர் காட்டுகிறார்.

இன்று கடலுக்கு அடியில் கண்ணாடி ரோடு. தலைக்கு மேல் திமிங்கிலம் போனது.

"தேவி, பயமா கீதா?"

"உங்க வண்டியில பின்னால குந்திக்கினு வந்தேனே, அதவிடவா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு கேட்டால் போதும், ராத்திரி சோறு இறங்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். கால் வீக்கம் அப்படியே. மாத்திரை தீரப்போகிறது, அத்தையிடம் சொல்லணும்.

பனி ஊர் போனோம். மரம், வீடு, பெஞ்சு எல்லாம் வெள்ளை. பொம்மைக்கு ஸ்வெட்டர் சும்மாவே கொடுத்தார்கள். ரோஸ் கலர். எனக்குப் பிடித்த கலர் இல்லை, ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

போன வருஷம் இரண்டாம் மாதத்திலேயே போய்விட்ட குழந்தையைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதே இல்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. என் பொம்மை தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அவரும்தான், மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நவம்பர் 6, வியாழன்

பெரிய ரகளை.

அந்த உலகத்தில் மணிமலை என்று ஒரு இடம். ஒரு ஆற்றைத் தாண்டி, படி ஏறி, உச்சியில் மணி. மனசில் நினைத்ததைச் சொல்லி மணி அடித்தால் வானம் முழுக்க விளக்கு பறக்குமாம். குழந்தைக்காக அடிப்போம் என்றார். ஆசையாகக் கிளம்பினேன். படகில் ஏறி அக்கரை போய் நாலு படி ஏறியிருப்போம், அத்தை கேழ்வரகுக் கூழோடு வந்து நின்றார். நடவிலிருந்து நேராக, முழங்கால் வரை சேறு.

"இன்னா அது?"

"மலை அத்தை. நானும் அவரும் ஏறிக்கினு கீறோம்."

சொம்பை ணங்கென்று வைத்தார். "வயித்துல புள்ளய வெச்சிக்கினு ஆத்தத் தாண்டலாமா? மலை ஏறலாமா? டேய் செல்வம், பொஞ்சாதி மாசமா கீறச்சொல்ல புருஷனும் ஏறக்கூடாதுடா! எறங்கு, ரெண்டு பேரும் எறங்குங்க!"

"ம்மா, இது போனும்மா. பொம்மைம்மா."

"பொம்மைன்னா? அதுக்கு உன் பேரத்தானே போட்டு வெச்சிக்கீற!"

உண்மைதான், தலைக்கு மேல் பேர் மிதக்கிறது. இரண்டு பேரும் மரியாதையாக இறங்கினோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படுத்தே கிடக்கிறவளுக்கு இதுகூடவா கூடாது? கூழைக் குடிக்கவில்லை.

(அப்புறம் குடித்தேன். பசி.)

நவம்பர் 8, சனி

மழை. நேற்று முழுக்க அத்தையும் நானும் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

இன்று மத்தியானம் என் காலில் எண்ணெய் தடவ உட்கார்ந்தார். தடவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"போன தபா உன்ன பழையசீவரம் மலைக்கு இட்டுக்கினு போனது நாந்தான். நாள் தள்ளிப்போனது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புள்ள வரம் கேக்கத்தான் போனோம். வந்து ரெண்டாம் நாளு அப்படி ஆயிடுச்சி."

"அதனால இல்ல அத்தைன்னு டாக்டரம்மாவே சொன்னாங்களே."

"அவங்க சொன்னாங்க. எனக்குத் தூக்கம் வர்ல."

ஒரு வருஷமாக இந்த வீட்டில் இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். அத்தை என்மேல்தான் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் வழுக்கியது.

அடுத்த காலுக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டே கேட்டார்: "அந்த மணிய யார்னா அடிக்கலாமா?"

"அடிக்கலாம்."

"எனக்கு ஒரு பொம்மை போடு. நான் ஏறுறேன்."

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! துணி எல்லாம் காய்ந்தது. அவருக்கு லீவு.

அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொம்மைக்குப் புடவை கிடைக்கவில்லை, மஞ்சள் கவுன் போட்டுவிட்டேன். "கெளவிக்குக் கவுனா" என்று வெட்கப்பட்டார். ஆனால் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் கேள்வி, "செருப்பு கழட்ட எங்க அமுக்கணும்?" கழட்டிவிட்டோம்.

இவர் இக்கரையிலேயே நின்றுகொண்டார், அம்மா உத்தரவு. அத்தை கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏறினார். படியை விட்டுப் புதரில் போய் முட்டினார். ஒரு தடவை கீழேயே விழுந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் ஏற்றிவிடுகிறேன் என்று கை நீட்டினால் அடி விழுந்தது. நிஜமாகவே மூச்சு வாங்கியது அவருக்கு.

உச்சி. மணி. போனைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு சத்தமாக வேண்டினார்.

"இந்தப் பொண்ணு நல்லபடியா எயுந்து நடமாடணும். இவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

மணி அடித்தார். விளக்குகள் எழும்பின.

ஆற்றங்கரையிலிருந்து இவர் குரல்: "ம்மா, கொழந்தைக்கு வேண்டிக்கலியா?"

"அத இவ பாத்துக்குவா. இவள யார் பாக்கறது?"