ஒன்றரை மணிக்கு ஓடிய கால்கள்

அண்ணை,

நேற்று விபோர்க்கில் ஒரு வீட்டில் காப்புறுதிக்காகச் சேதம் பார்க்கப் போயிருந்தேன். மேசை விளக்கு சரிந்து திரைச்சீலை பற்றியிருக்கிறது. உடனே அணைத்துவிட்டார்கள், பெரிய இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் அறைக்குள் கால் வைத்ததும் கருகிய துணியின் மணம் மூக்கில் ஏறியது. வீட்டுக்காரப் பெண் டெனிஷில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. நான் கிரின்ஸ்டெட்டில், உங்கள் வீட்டின் வலப்பக்க அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. இத்தனை வருடம் நாங்கள் இருவரும் அந்த அறையைப் பற்றிப் பேசாமலே இருந்தோம். கடைசியில் பேசியதும் பாதிதான். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஒரே தொழிற்சாலையில், ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்றோம். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணிக்கு வெளியே வருவோம். எனக்குக் கலியாணமாகவில்லை. உங்களுக்கு யாழ்ப்பாணத்தில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் கடந்திருந்தது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் எல்லாம் கொப்பன்ஹேகனில் ஒரு மேசையில் அசையாமல் கிடந்த காலம் அது. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று பின்னால் வெளியே வந்து, வழக்காகி, ஒரு அரசாங்கமே விழுந்தது. ஆனால் அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தபால்காரன் வருவான், போவான். அவ்வளவுதான்.

ஒரு காப்புறுதி நிறுவனம் தமிழ் பேசும் முகவர்களைத் தேடியது. வகுப்பு அவர்களே நடத்துவார்கள், பரீட்சையில் நாங்கள் தேற வேண்டும். வீடு, தீ, களவு, விபத்து என்று நான்கு பகுதி. எழுத்துப் பரீட்சை ஒன்று, வாய்மொழி ஒன்று, இரண்டும் டெனிஷில். புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் என் பழைய காரில் சில்க்போர்க்குக்கு வகுப்புக்குப் போவோம். சனிக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக் குசினி மேசையில் படிப்போம். எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் டெனிஷ் ஓடும். உங்களுக்கு என்னைவிடச் சட்டம் ஓடும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் தேறலாம் என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

அந்த வீட்டில் நீங்கள் ஒரு ஆள்தான். ஆனால் மூன்று அறை எடுத்திருந்தீர்கள். வலப்பக்க அறையில் பிள்ளைகள் வந்தால் என்று இரண்டு சின்னக் கட்டில்கள், நீலத் திரைச்சீலை, கீழே ஒரு பாய். விரித்த படுக்கை விரித்தபடியே இருக்கும்.

படிப்பதற்கு நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் உங்களுக்குப் பிடிக்கவில்லை. "ஹென்ரிக்கின்ர சைக்கிள் களவு போனா எனக்கென்ன ஐசே" என்பீர்கள். பதிலுக்கு உங்கள் வீட்டையே வைத்துக் கேள்வி கேட்டீர்கள்.

"சின்னவள் குளிக்கிற அறையில பைப்பைத் திறந்துவிட்டிட்டாள் எண்டு வைப்பம். தண்ணி கீழ்வீட்டுக்கு இறங்கிட்டுது. எந்தப் பகுதியில வரும்?"

நான் நிறுவனமாக நின்று பதில் சொல்வேன். நீங்கள் வாதாடுவீர்கள். நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தை மாதம் அளவில் ஒன்றைக் கவனித்தேன். 'எண்டு வைப்பம்' என்பது உங்கள் பேச்சிலிருந்து போய்விட்டது.

"நேற்று மூத்தவள் கதவை அடிச்சுச் சாத்தினதில கண்ணாடி வெடிச்சுப்போச்சு. இது காப்புறுதிக்குள்ள வருமோ?"

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என் பதிலுக்காகப் பென்சிலோடு காத்திருந்தீர்கள்.

அதற்கு அடுத்த கிழமை கீழ்வீட்டு டெனிஷ்க் கிழவி வந்து கதவைத் தட்டினாள். நான்தான் திறந்தேன். கோபமில்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கொஞ்சம் படுப்பாளாம். தினமும் ஒன்றரை மணிக்குப் பிள்ளைகள் மேலே ஓடுகிறார்களாம். வீட்டுச் செருப்பாவது போட்டுவிட முடியுமா என்று கேட்டாள்.

நீங்கள் எனக்குப் பின்னால் வந்து நின்று, "மன்னிக்க வேணும், சொல்லிவிடுறன்" என்று டெனிஷில் சொன்னீர்கள். அவள் நன்றி சொல்லி இறங்கிப்போனாள்.

வேலை நாட்களில் ஒன்றரை மணிக்கு நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்துக்கு மறுபக்கத்தில், என் கண் முன்னால்.

"அண்ணை, அந்த மனிசிக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? இங்க ஆர் பிள்ளையள்?"

"அவவுக்குக் கேக்குதாம். இல்லையெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

மாசி மாதத்தில்தான் அந்தச் சனிக்கிழமை. வெளியே பனி பெய்து நின்றிருந்தது. நான் வரும்போதே வீட்டில் கருகிய மணம். என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். நீலத் திரைச்சீலையின் கீழ்ப்பக்கம் ஒரு முழம் அளவுக்கு எரிந்திருந்தது. முதல்நாள் வேலை முடிந்து வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றபோது மணந்ததாம். ஓடிவந்து கையால் அடித்து அணைத்தீர்களாம். உள்ளங்கை சிவந்திருந்தது.

"விளக்கு முட்டியிருக்கும்" என்றேன்.

"விளக்கு பிளக்கில இல்லை. பாரும்."

"மெழுகுதிரி ஏதும்?"

"என்ர வீட்டில மெழுகுதிரி இல்லை ஐசே. நெருப்புப்பெட்டிகூட இல்லை. மின்சார அடுப்புத்தானே."

அன்று நீங்கள் கதை சோடிக்கவில்லை. இழப்பீட்டுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தீர்கள், பழகுவதற்கு என்று. பெயர், முகவரி எல்லாம் எழுதினீர்கள். 'சேதம் எப்படி ஏற்பட்டது' என்ற இடத்தில் பேனை நின்றது. பிறகு படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தீர்கள். முக்கியமான விஷயத்தை மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்ற அத்தியாயம். நான் வாசிக்க, நீங்கள் தமிழில் குறிப்பெழுதினீர்கள்.

அப்போது கேட்டது. வலப்பக்க அறையிலிருந்து விறாந்தை வழியாக, வெறும் கால்கள். முதலில் ஒரு சோடி, அதன் பின்னால் இன்னொரு சின்னச் சோடி. குசினி வாசல் வரை வந்து, திரும்பி, ஓடிப் போயின.

சுவர் மணிக்கூட்டில் ஒன்றரை தாண்டி இரண்டு நிமிடம்.

நீங்கள் தலையை நிமிர்த்தாமலே மெதுவாகக் கேட்டீர்கள். "கேட்டதோ?"

"என்ன அண்ணை? ஒண்டும் கேக்கேல்லையே" என்றேன்.

நீங்கள் தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினீர்கள்.

அடுத்த புதன்கிழமை, வகுப்பு முடிந்து நீங்கள் மேற்சட்டை எடுக்கப் போன நேரம், ரீச்சரிடம் போனேன். என் நண்பருக்கு மனம் சரியில்லை, இல்லாத பிள்ளைகளோடு வாழ்கிறார், பரீட்சை அவரை இன்னும் குழப்பிவிடும் என்றேன். கிழவி வந்ததைச் சொல்லவில்லை. எனக்கே கேட்டதையும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறேன் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அந்தச் சத்தத்தை முழுவதுமாக உங்கள் தலைக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் நான் தப்பிவிடலாம் என்றிருந்தது.

ரீச்சர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டாள். இந்த முறை பரீட்சையை விட்டு அடுத்த முறை எழுதலாமே என்றாளாம். திரும்பிவரும் வழியில் காரில் நீங்களே சொன்னீர்கள்.

"நான் சொன்னன், வாய்மொழியில புத்தகத்தில இல்லாத ஒரு சொல்லு சொன்னா என்னை விழுத்துங்கோ எண்டு."

யார் போய்ச் சொன்னது என்று நீங்கள் கேட்கவில்லை. நான் வீதியையே பார்த்து ஓட்டினேன்.

வாய்மொழிப் பரீட்சையில் விரும்பியவர் உள்ளே இருந்து கேட்கலாம். உங்களுக்குத் துணையாக என்று பின்வரிசையில் இருந்தேன். பரீட்சகர் கடைசியாக ஒரு கேள்வி எடுத்தார். பெற்றோர் குசினியில் நிற்கும்போது பிள்ளை திரைச்சீலையை எரித்துவிடுகிறது. இது பெற்றோரின் பாரிய கவனக்குறைவா? நீங்கள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தீர்கள். பிறகு விதியைச் சொல்லி, விதிவிலக்கைச் சொல்லி, புத்தகத்தில் உள்ளபடியே முடித்தீர்கள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பரீட்சகர் எழுந்து கைகொடுத்தார். வெளியே வந்ததும் நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. நானும் அன்றே தேறினேன்.

பிறகு பத்திரிகைகள் எழுத, கடதாசிகள் நகரத் தொடங்கின. அக்காவும் உங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது நான்தான் கார் கொண்டுவந்தேன். வந்த இரண்டாம் நாள் அக்கா சமைக்க, நாங்கள் குசினியில் இருந்தோம். பிள்ளைகள் விறாந்தையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இவையளுக்கு இந்த வீடு புதுசில்லை. நீங்கள் கடிதத்தில வீட்டைக் கீறி அனுப்பினீங்களெல்லோ? ஆறு மணிக்கு ஊரடங்கு, வெளியில போகேலாது. படத்தைப் பாத்து விறாந்தைச் சீமெந்தில கரிக்கட்டியால அறை அறையாக் கீறி, ஒவ்வொரு பின்னேரமும் அப்பா வீட்டை போறம் எண்டு ஓடுங்கள்."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள்.

"மாசியில ஒருநாள் சின்னவள் என்ர நீலச் சீலையைத் திரைச்சீலையாக் கட்டி, குப்பி விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ட்டாள். நல்லகாலம் நான் கண்டன். உங்களுக்கு எழுதேல்லை, யோசிப்பீங்கள் எண்டு."

யாழ்ப்பாணத்தில் மாலை ஆறு மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் மத்தியானம் ஒன்றரை. நான் மனதில் கணக்குப் பார்த்து முடித்து நிமிர்ந்தபோது நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்காவிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக் கிழவி என்னைப் படிக்கட்டில் மறித்தாள். பிள்ளைகள் இப்போது எவ்வளவு அமைதியாகிவிட்டார்கள், ஏசினீர்களா என்று கேட்டாள். மேலே அவர்கள் குதிக்கிற குதியில் படிக்கட்டு விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு இருவரும் முகவர்களாக எத்தனை வீடு ஏறி இறங்கினோம். அந்தச் சனிக்கிழமையை நான் எடுக்கவே இல்லை. சில்க்போர்க் ஆஸ்பத்திரியில், அக்கா கோப்பி எடுக்கப் போன பத்து நிமிடத்தில்தான் வாய் வந்தது.

"அண்ணை, அண்டைக்கு எனக்கும் கேட்டது."

"தெரியும்" என்றீர்கள். "வாசிச்சுக்கொண்டிருந்த உம்மட குரல் நடுவில நிண்டது."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீர் இல்லையெண்டு சொன்னது எனக்கு உதவியாத்தான் இருந்தது. ஓம் எண்டு சொல்லியிருந்தா, பிள்ளையள் அங்க செத்து ஆவியா வந்திட்டுதுகள் எண்டெல்லே நினைச்சிருப்பன்."

ரீச்சரிடம் போனது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கோப்பியோடு வந்துவிட்டார். நான்தான் அண்ணை. இதுதான் மீதி.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாட்களில் என் அம்மாவும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார், தனி ஒரு ஆளாக. நான் எழுதிய கடிதங்களில் நலம், குளிர், வேலை இருக்கிறது, இவ்வளவுதான் இருக்கும். என் அறையில் கட்டில் எந்தப் பக்கம், ஜன்னலால் பார்த்தால் என்ன தெரியும் என்று ஒருநாளும் எழுதவில்லை. அம்மா என்னை நினைக்கும்போது எந்த இடத்தில் வைத்து நினைத்தாரோ தெரியாது. அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடமாகிறது. எத்தனையோ மத்தியானங்கள் வீட்டில் தனியாக இருந்து காது கொடுத்துப் பார்த்துவிட்டேன். என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.