முட்டையில்லாத காளான் டார்ட்

ஆழ்வார்பேட்டையில் மழைக்கு ஒதுங்கிய பேக்கரியில் இன்று வெண்ணெயில் காளான் வதங்கும் வாசனை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால், மாவுக் கிண்ணத்துக்குள் காளானை நிரப்பிச் சுட்ட டார்ட் அடுக்கியிருந்தார்கள். மழை விட்ட பிறகும் கிளம்ப மனம் வரவில்லை.

தேனாம்பேட்டை ஆபீஸில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சனிக்கிழமை பேக்கிங் வகுப்புக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை காளான் டார்ட் டப்பாவோடு வருவாய். டார்ட்டின் கதையும் நீ சொன்னதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வெளியே இருக்கும் மாவைத் தின்னவே மாட்டார்களாம். உள்ளே வைக்கும் கறிக்கு அது வெறும் பாத்திரமாம். வெண்ணெய் சேர்த்துப் பிசைய ஆரம்பித்த பிறகுதான் அந்த மாவுக்கே ருசி வந்ததாம்.

உங்கள் வீட்டுக்கு முட்டை சேர்த்துச் செய்வாய். எனக்கென்று க்ரீமும் சீஸும் மட்டும் போட்டுத் தனியாக ஒன்று. மயிலாப்பூரில் எங்கள் சமையலறைக்குள் காளான் வந்ததே இல்லை. பழக்கமில்லை என்று ஒவ்வொரு முறையும் மறுத்தேன். நீ வருத்தத்தைக் காட்டியதில்லை. அடுத்த வாரமும் எனக்கென்று ஒன்று இருக்கும்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. எதுவும் தொண்டையில் இறங்கவில்லை, எடை குறைந்துகொண்டே போனது. புரதம் சேர வேண்டும், பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதாக உன் அம்மா போனில் சொன்னார். நீ எப்போதோ எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு முதல் முறையாகக் காளான் நறுக்கினேன். என் அம்மா எழுந்து ஹாலுக்குப் போய்விட்டாள்.

உன் கட்டிலருகே உட்கார்ந்து ஒப்பித்தேன். சீஸில் புரதமும் கால்சியமும், காளானில் பி வைட்டமின், வெண்ணெயில் கொழுப்பு. மற்றவர்கள் அளவோடு சாப்பிட வேண்டியது, எடை ஏற வேண்டிய உனக்கு நல்லதுதான் என்றேன்.

"சத்தெல்லாம் இர்க்கட்டும்டி. தனியா துன்னா எறங்க மாட்டேங்குது. நீயும் ஒரு துண்டு எடு."

எடுத்தேன். ஓரம் கருகியிருந்தது. உள்ளே காளான் மெத்தென்று, மிளகும் சீஸும் ஊறி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இத்தினி வருஷமா இதத்தான சொல்லிக்கினு இருந்தேன்" என்றாய். அன்று நீ இரண்டு துண்டு சாப்பிட்டாய்.

அதன் பிறகு இன்னும் மூன்று முறைதான் நாம் சேர்ந்து சாப்பிட முடிந்தது.

இப்போது உன் மேசையில் வேறொரு பெண். மதியம் டப்பாவை என் பக்கம் நகர்த்துவாள். என்னவென்று கேட்காமல் எடுத்துக்கொள்கிறேன். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பதற்கு முன்பே, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.