இடுப்பை அழுத்திய கை

என் மனைவியாக இருந்தவளுக்கு,

போதும், இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

"துணைக்கு வந்த அக்கா இடுப்ப அழுத்திப் பிடிக்கலேன்னா நான் செத்தே போயிருப்பேன். இந்த மனுஷன் சுவர் மாதிரி நின்னாரு" என்று இன்னும் எல்லோரிடமும் சொல்கிறாயாமே. உன் தங்கை சொன்னாள்.

பிரசவ அறையில் நீ கட்டில் விளிம்பைப் பிடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாய். நான் தொட்டதும், "நீங்க தொடாதீங்க!" என்று கத்தினாய். பிரசவத் துணைக்கென்று நாம் அமர்த்திய அந்த அக்காவுக்கோ மணிக்கட்டு ஓய்ந்துவிட்டது. சத்தமில்லாமல் என் உள்ளங்கைகளை எடுத்து உன் இடுப்பில் வைத்தாள். "பேச்ச நான் பாத்துக்கறேன் தம்பி, கைய மட்டும் விட்டுடாதீங்க" என்று காதோடு சொன்னாள்.

"அக்கா, கைய எடுத்துடாதீங்க" என்றாய் நீ. கடைசிவரை நான் எடுக்கவில்லை.

குழந்தை அழவே இல்லை. துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அதன்பிறகு, அது என் கை என்று எந்த வாயால் சொல்வேன்? அந்த அக்காவாவது சொல்லியிருக்கலாம். நல்ல பெயர் யாருக்குக் கசக்கும்?

நீ வீட்டைவிட்டுப் போனாய். சுவர் அப்படியே நிற்கிறது.

பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன். தொடாதீங்க என்றவளுக்கு அன்றும் அப்படித்தான் கை கொடுத்தேன்.