கொழுந்தன் பதிந்த பெயர்

செவ்வாய், இரவு.

செங்கத்தில் ஒரு கடையில், மலையிலிருந்து நாங்கள் அடைத்து விற்கும் சாமைப் பொட்டலம் இருந்தது. நான் வைத்த பெயர், நான் வரைந்த படம், உள்ளே புழு. அது நாங்கள் அடைத்தது இல்லை. எங்கள் பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்து வரச் சொல்லி நான் அனுப்பிய கொழுந்தன், தன் பேரிலேயே பதிந்துகொண்டு கண்ட சாமையை அடைத்து விற்கிறான்.

போனில் கேட்டேன். "பேரு இப்ப என்துதான் அண்ணி. நீங்க வேற வெச்சிக்கோங்க" என்றான். போன வாரம்தான் என் வீட்டில் கறிக்குழம்பு கேட்டு வாங்கித் தின்றான். த்தூ!

வக்கீலம்மாவிடம் போனேன். "மொதல்ல இருந்து வித்தது நீங்கதானே? பதிவ ரத்து பண்ண மனு போடலாங்க" என்றார். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலையேறி வீட்டுக்கு வந்தேன்.

கணவரிடம் சொன்னேன். "தம்பிதானே, வுட்டுத் தள்ளு. ஊரு இன்னா பேசும்?" என்கிறார். அவன் செய்ததைவிட இதுதான் குமட்டுகிறது. பாயை வெளியறையில் போட்டுக்கொண்டேன்.